பி.டி. மிஸ்ஸின் நோட்டு

ஆனித் தேரோட்டத்துக்குச் சில நாள் முன்னால் டவுனுக்கு ஒரு சோலியாகப் போயிருந்தேன். ரத வீதியில் மாநகராட்சிப் பணியாளர் ஒருவர் சட்டியிலிருந்து சுண்ணாம்புத் தூளை அள்ளி, விரலிடுக்கு வழியாக விட்டபடி சாலையோரம் கோடு போட்டுக்கொண்டே நடந்தார். இரவு சாரல் விழுந்து மண் நனைந்திருந்தது. ஈர மண்ணில் சுண்ணாம்பு பட்டு எழுந்த காரமான வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், நான் அங்கேயே நின்றுவிட்டேன். கூட வந்த மகள், “என்னம்மா, தேரைப் பாக்கியா?” என்றாள். “இல்லட்டி, அவரு போடுத கோடு வளையுது” என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. நேர்கோடு போடத் தெரியாதவளை எங்கள் பி.டி. மிஸ் சுண்ணாம்புச் சட்டியைத் தொடவே விடமாட்டார்.

நான் படித்தது பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரியில், எண்பதுகளின் முற்பாதியில். மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அப்போது பிறக்கவில்லை. அது 1990இல் வந்தது. நெல்லைச் சீமையின் கல்லூரிகள் எல்லாம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. ஆகவே போட்டி என்றால் எங்களுக்கு மதுரைதான். லேடி டோக், பாத்திமா என்று அங்கே பெரிய பெண்கள் கல்லூரிகள். தூத்துக்குடியிலிருந்து செயின்ட் மேரீஸ், நாகர்கோவிலிலிருந்து ஹோலி கிராஸ். இந்தப் பக்கம் நாங்களும் ராணி அண்ணா அரசுக் கல்லூரிப் பிள்ளைகளும். ஊருக்குள் எதிரிகள், மதுரை பஸ் ஏறிவிட்டால் ஒரே வீட்டு ஆட்கள்.

சாராள் தக்கர் யார் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. அந்த அம்மாள் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அவர் அண்ணன் ஜான் தக்கர் சென்னையில் மிஷனரி. அண்ணன் எழுதிய கடிதங்கள் வழியாகத் தென்னிந்தியப் பெண்பிள்ளைகளின் நிலையைத் தெரிந்துகொண்டவர், இங்கிலாந்தில் நோய்ப்பட்டுக் கிடந்தபடியே அவர்களுக்காக எழுதினார், பணம் திரட்டினார். அவர் இறந்த பிறகு தோழிகள் சேர்த்த நிதியில்தான் பாளையங்கோட்டையில் அவர் பேரில் ஆசிரியைப் பயிற்சிக் கூடம் எழுந்தது. 1895இல் அது கல்லூரியும் ஆனது. கடல் தாண்டி வர உடம்பு இடம் கொடுக்காத ஒருத்தியின் பேரைப் பனியனில் எழுதிக்கொண்டு நாங்கள் ஓடினோம். அப்போது இதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. பனியன் ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தது என்பதுதான் அன்றைய கவலை.

சுண்ணாம்புக்கு வருகிறேன். விளையாட்டு விழா நெருங்கும்போதே மார்க்கிங் வேலை தொடங்கிவிடும். மைதானத்து அண்ணாச்சி புல்லைச் செதுக்கி நெருஞ்சியைக் களைந்து கொடுப்பார். மற்றது எங்கள் பொறுப்பு. வளைவின் நடுவில் இரும்பு முளை அடித்து, கயிற்றின் ஒரு நுனியை அதில் மாட்டி, மறுநுனியில் கட்டிய ஆணியால் மண்ணைக் கீறிக்கொண்டே அரைவட்டம் போக வேண்டும். கயிறு தொய்யக் கூடாது. கீறலின் மேல் சுண்ணாம்பு. ஒரு லேனுக்கு அகலம் 1.22 மீட்டர். வெளி லேனில் ஓடுகிறவளுக்கு வளைவில் தூரம் கூடிவிடும், அதனால் அவளை முன்னால் தள்ளி நிறுத்த வேண்டும். அதற்குப் பேர் ஸ்டாகர். ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டாம் லேன்காரி 7.04 மீட்டர் முன்னால் நிற்பாள். அதற்கடுத்து ஒவ்வொருத்தியும் முந்தினவளைவிட 7.67 மீட்டர் முன்னால்.

முதல் இடைவெளி மட்டும் ஏன் குறைகிறது என்று நான் கேட்டேன். நான் தமிழ் இலக்கியம். கணக்கென்றால் காத தூரம். மிஸ் ஒரு குச்சியால் மண்ணிலேயே எழுதிக் காட்டினார். உள் லேனை விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளக்கிறார்கள், மற்ற லேன்களைக் கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி. மீதியெல்லாம் இரண்டு பை பெருக்கல் அகலம். மைதானம் பெரிதோ சிறிதோ, அந்த 7.04 மாறுவதில்லை. “பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணுன பை, இப்பத்தான் காலுக்கு வந்திருக்கு” என்றார். பி.எஸ்சி. கணிதப் பிள்ளைகள் இரண்டு பேர் வாயைப் பிளந்து நின்றது நினைவிருக்கிறது.

மிஸ் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர். ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் தொடங்கிய கல்லூரி அது. தமிழ்நாட்டு டிரில் மாஸ்டர்கள் பலருக்கு அதுதான் தாய்வீடு. குட்டையான உருவம், வெளுத்த பருத்திச் சேலை, காலில் கான்வாஸ் ஷூ. சேலைக்கும் ஷூவுக்கும் பொருந்தாது என்று சக ஆசிரியைகள் கேலி செய்வார்கள். கழுத்தில் விசில், இடது கையில் ஸ்டாப் வாட்ச், கக்கத்தில் ஒரு நீள நோட்டு.

அந்த நோட்டில் எங்கள் ஓட்ட நேரங்கள்தான் இருக்கும் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் எடுத்துவரச் சொன்னபோது புரட்டினேன். நேரங்கள் கடைசிச் சில பக்கங்களில் இருந்தன. முன்பக்கங்கள் முழுக்க வேறு சங்கதி. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். ஊர், ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணி, அப்பா என்ன வேலை, வீட்டில் யார் பேச்சு எடுபடும், கால் அளவு, முட்டை சாப்பிடுவாளா, மாதத் தேதி. என் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தது: “சேரன்மகாதேவி. சாயங்கால ரயில். அப்பா சரி. பெரியப்பா கஷ்டம். ஆச்சியைப் பார்க்கணும்.”

எந்த ரயில் என்றால், செங்கோட்டை போகிற பாசஞ்சர். மீட்டர்கேஜ் பாதை. முதல் வருஷம் நான் அதில்தான் வந்துபோனேன். கல்லூரி விட்டதும் பாளையங்கோட்டையிலிருந்து டவுன் பஸ் பிடித்து ஜங்ஷன் போனால் ரயிலைப் பிடிக்கலாம். பயிற்சிக்கு நின்றால் ரயில் போய்விடும். அப்புறம் பஸ். பேட்டை தாண்டி, பத்தமடை தாண்டி, ஊரில் இறங்கும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். தெருவில் நான்கு பேர் பார்ப்பார்கள். அந்த நான்கு பேரையும் பெரியப்பா மறுநாள் காலையில் திண்ணையில் ஒப்பிப்பார்.

ஒரு சனிக்கிழமை மிஸ் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். ஷூவைத் திண்ணையில் கழற்றி வைத்துவிட்டு நேரே அடுக்களைக்குப் போனார், ஆச்சியைப் பார்க்க. கருப்பட்டிக் காபி வாங்கிக் குடித்தார். ஆச்சியின் முழங்கால் வலியை விசாரித்தார், எப்படி நீவிவிடுவது என்று செய்தே காட்டினார். அதற்குப் பிறகுதான் பெரியப்பா முன்னால் உட்கார்ந்தார். பெரியப்பா முதலில் வெயில், கறுத்துப்போவாள், மாப்பிள்ளை என்று ஆரம்பித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அதுல்லாம் இல்ல டீச்சர், பொம்பளப்பிள்ள இப்பிடி ஓடினா நாளைக்குக் கர்ப்பப்பை என்னத்துக்கு ஆகும்?” என்றார்.

மிஸ் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. உள்ளேயிருந்து ஆச்சியின் சத்தம் வந்தது: “ஏலே, அறுப்புக் காலத்துல தலையில நெல்லுக்கட்ட வச்சுக்கிட்டு வயல்ல இருந்து களத்துக்கு ஓடுவோமே, ஒன்ன வயித்துல வச்சுக்கிட்டும் ஓடினேன். அப்ப கர்ப்பப்பை எங்கன போச்சு? நீ எங்கன இருந்து வந்த?”

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். அடுத்த வாரமே ஹாஸ்டலில் இடம் கிடைத்தது.

பெரியப்பாவை நான் குறை சொல்லமாட்டேன். அவர் சொன்னதை அவருக்கு முன்னால் கோட்டு சூட்டு போட்ட கனவான்களும் சொல்லியிருக்கிறார்கள். ஒலிம்பிக்கில் பெண்களுக்குத் தடகளம் முதன்முதலாக வந்தது 1928இல், ஆம்ஸ்டர்டாமில். 800 மீட்டரை ஜெர்மனியின் லீனா ராட்கே வென்றார். ஜப்பானின் கினுவே ஹிட்டோமி இரண்டாவது. ஓடி முடித்ததும் பெண்கள் மூச்சு வாங்கியதை, சுருண்டு விழுந்து செத்துப்பிழைத்ததுபோலப் பத்திரிகைகள் எழுதித் தள்ளின. மருத்துவர்களும் தலையாட்டினார்கள். 800 மீட்டர் தூக்கப்பட்டது. மறுபடி ஒலிம்பிக்கில் பெண்கள் அந்தத் தூரத்தை ஓட 1960 ரோம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அங்கே அடுக்களையிலிருந்து சத்தம் போட ஒரு ஆச்சி இல்லை.

எங்கள் காலத்திலும் பெண்களுக்கு இல்லாத விளையாட்டுகள் இருந்தன. டிரிப்பிள் ஜம்ப் கிடையாது. ஹேமர் கிடையாது. போல் வால்ட் கேட்கவே வேண்டாம். மிஸ் இல்லாத நேரத்தில் மணல் குழியில் டிரிப்பிள் ஜம்ப் தாண்டிப் பார்ப்போம், பள்ளிக்கூடத்தில் பையன்கள் தாண்டியதைப் பார்த்து வைத்திருந்தோம். இப்போது எல்லாம் இருக்கிறது. ஒலிம்பிக்கில் பெண்களின் டிரிப்பிள் ஜம்ப் 1996இல் வந்தது, ஹேமரும் போல் வால்ட்டும் 2000இல், ஸ்டீபிள்சேஸ் 2008இல். ஒவ்வொன்றாகத்தான் கதவு திறந்தார்கள்.

உடை ஒரு பெரிய பாடு. வகுப்புக்குத் தாவணி. மைதானத்துக்கு டிவைடட் ஸ்கர்ட் என்று ஒன்று, முழங்காலுக்குக் கீழே தொங்கும், பார்க்கப் பாவாடை, நடந்தால் கால்சட்டை. மதுரைக்குப் போகும்போது மட்டும் ஷார்ட்ஸ். அதையும் பாவாடைக்குள் போட்டுக்கொண்டு போய், கோட்டில் நிற்கும் கடைசி நிமிஷத்தில் பாவாடையைக் கழற்றி ஜூனியர் பிள்ளையிடம் கொடுப்போம். அவள் அதைச் சுருட்டிக்கொண்டு மைதானத்தின் குறுக்கே முடிவுக் கோட்டுக்கு ஓடுவாள். நாங்கள் சுற்றி ஓடி வந்து சேர்வதற்குள் பாவாடையை விரித்துப் பிடித்துத் தயாராக நிற்க வேண்டும். பந்தயத்துக்கு முன்னால் அவள் நிற்கிறாளா என்று பார்த்துவிட்டு ஓடினவர்கள் உண்டு. அந்த ஜூனியர்களில் ஒருத்தி, குறுக்கே ஓடி ஓடியே நல்ல வேகம் பிடித்து, மறுவருஷம் 200 மீட்டரில் இறங்கினாள். இன்றைக்குப் பிள்ளைகள் டிராக் பேண்ட்டோடு ஷேர் ஆட்டோவில் ஏறி வருகிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தாவணியையே இப்போது விசேஷ வீட்டில்தான் பார்க்க முடிகிறது.

சாப்பாட்டுக்கு மிஸ்ஸின் வைத்தியம் எளிமை. ஊறவைத்த நிலக்கடலை, முளைகட்டின பாசிப்பயறு, கிடைத்தால் ஒரு முட்டை. வீட்டிலிருந்து வருகிறவர்களிடம் உளுந்தங்களி கேட்பார். உளுந்தங்களி எங்கள் பக்கத்தில் பெண் பெரியவளானால் கிண்டிக் கொடுப்பது. கருப்பட்டிப் பாகும் நல்லெண்ணெயும் விட்டு, இடுப்பெலும்புக்கு உரம் என்று சொல்லித் திணிப்பார்கள். “இடுப்புக்குத்தானே? நமக்கும் இடுப்புத்தான் வேணும்” என்பார் மிஸ். உடன்குடிக் கருப்பட்டி மணக்கும் அந்த உருண்டையைத் தின்றுவிட்டுத்தான் என் தோழிகள் குண்டு எறிந்தார்கள். நான்கு கிலோ இரும்பு.

மாதத் தேதியைக் குறித்து வைத்தது எதற்கென்று கேட்டால் இன்று யாரும் வியக்கமாட்டார்கள். அன்று அது பேசாப்பொருள். எங்கள் வீட்டில் அந்த மூன்று நாளும் பின்கட்டு, தனித் தட்டு, தனிப் பாய். மிஸ் அந்த நாளில் ஓட்டத்தைக் குறைத்து நடையும் நீட்டி மடக்கலும் கொடுப்பார். வலி இல்லை என்கிறவளை வழக்கம்போல ஓடச் சொல்வார். “ஒனக்கு எப்பிடி இருக்குன்னு ஒனக்குத்தானே தெரியும்?” என்று கேட்பார். என்னிடம் அப்படி யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. அந்த நாளில் நான் மைதானத்தில் நிற்கிறேன் என்பது அம்மாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை ஊருக்குப் போனபோது என் பாய் பின்கட்டுக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

எங்களுக்குள் பேர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. ஊர்தான் பேர். வள்ளியூர்காரி, ஏரல்காரி, முக்கூடல்காரி. நான் சேர்மாதேவி. ரிலே அணி இந்த நான்கு ஊரும்தான்.

முக்கூடல்காரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முக்கூடலும் அதைச் சுற்றிய ஊர்களும் பீடி சுற்றும் ஊர்கள். அவள் அம்மா, அத்தை, அக்கா எல்லோரும் மடியில் சுளகை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை எழுந்திருக்கமாட்டார்கள். இவளும் சின்ன வயதிலிருந்தே சுற்றியவள். லீவுக்கு வீட்டுக்குப் போனால் அவளுக்கும் கணக்கு உண்டு. ஹாஸ்டல் பெட்டியைத் திறந்தால் துணியோடு துணியாகப் புகையிலைத் தூள் வாடை அடிக்கும். ஒரு முறை அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது பார்த்தேன். ஈரத் துணியில் சுற்றி வைத்த இலையை அளவுக்கு வெட்டி, விரலில் குழல்போல வளைத்து, தூளை உள்ளே தட்டி, உருட்டி, வாயை மடித்து, நூலால் இரண்டு சுற்று. கண் கையில் இல்லை. என்னோடு சினிமாக் கதை பேசிக்கொண்டிருக்கிறாள். விரல்கள் தம்பாட்டுக்கு வேலை பார்க்கின்றன.

நூறு மீட்டர் ரிலேயில் கட்டையை வாங்குகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. கையைப் பின்னால் நீட்டியபடி முன்னால் பார்த்து ஓட வேண்டும். எங்கள் மூன்று பேருக்கும் கழுத்து தன்னால் திரும்பிவிடும். விடுமுறையில் அகப்பைக் காம்பை வைத்துப் பழகியும் கழுத்து கேட்கவில்லை. முக்கூடல்காரிக்கு முதல் நாளே வந்துவிட்டது. கட்டை கையில் பட்டதும் விரல்கள் மூடிக்கொள்ளும். மிஸ் அவளை ஒரு மரத்தடியில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி எங்கள் மூன்று பேரையும் அவளிடம் பழக வைத்தார். ஓடிக்கொண்டே கொடுப்பது அப்புறம்தான். கொடுக்கிறவள் கூவ வேண்டும் என்பது வழக்கம். மற்ற அணிகள் இங்கிலீஷில் ஏதோ கத்தும். நாங்கள் “இந்தா!” என்றோம். வேறு என்ன சொல்வது?

சனிக்கிழமைகளில் சில சமயம் விடிகாலையில் குறுக்குத்துறைப் பக்கம் ஆற்று மணலுக்குப் போவோம். கோடையில் தாமிரபரணி ஒரு ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும். மீதி முழுக்க மணல். கணுக்கால் புதையப் புதைய ஓடினால் கெண்டைக்கால் கத்தும். அந்த மணலில் ஓடிவிட்டு மண் டிராக்கில் கால் வைத்தால் தரையே நம்மைத் தூக்கிவிடுகிறதோ என்று தோன்றும். துணி துவைக்க வந்த பெண்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு, “ஏளா, முந்து, முந்து” என்று கட்சி கட்டத் தொடங்கினார்கள். ஓடி முடித்து ஆற்றில் இறங்கிக் குளித்து, ஈரத் தலையோடு கல்லூரிக்கு. இன்றைக்கு அந்த மணல் இல்லை. வண்டி வண்டியாக அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போடும்போது அள்ள மிஞ்சியிருந்தது கொஞ்சம்தான்.

மதுரைக்குக் கட்டபொம்மன் பஸ்ஸில் போவோம். கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க்காரர் ஜன்னலோரம் வருவார். “திரும்பி வரும்போது” என்று மிஸ் விரலை ஆட்டுவார். அங்கே பெரிய கல்லூரிப் பிள்ளைகள் ஸ்பைக்ஸ் மாட்டிக்கொண்டு தத்தித் தத்தி நடப்பதைப் பார்த்ததும் எங்கள் வயிற்றுக்குள் என்னவோ செய்யும். எங்கள் அணியில் இருந்தது ஒரே ஜோடி ஸ்பைக்ஸ். மிஸ் யாரிடமோ கேட்டு வாங்கியது. வள்ளியூர்காரியின் காலுக்கு மட்டும் பொருந்தியது. மற்ற மூவரும் வெறுங்கால். பிற்பகல் வெயிலில் மண் சுடும். ஈரச் சாக்கை விரித்து அதில் நின்றுகொண்டு முறைக்குக் காத்திருந்தோம்.

கட்டை மாற்றும் இடம் அன்று 20 மீட்டர். ஓடி வருகிறவள் எந்த அடையாளத்தை மிதிக்கும்போது நான் புறப்பட வேண்டும் என்று, பின்னோக்கிக் காலடி அளந்து மண்ணில் ஒரு கீறல் போட்டு வைத்திருந்தேன். முக்கூடல்காரி நேர்பாதையில் வந்த வேகம் இன்றும் கண்ணில் நிற்கிறது: பல்லைக் கடித்து, பின்னல் காற்றில் நேராக நின்று. கீறலை மிதித்தாள், நான் புறப்பட்டேன், “இந்தா!” என்றாள். என் கழுத்து திரும்பவில்லை. வளைவு முடிந்து ஏரல்காரியிடம் கொடுத்தபோது நாங்கள் இரண்டாவது. கோட்டில் மூன்றாவது. ஸ்பைக்ஸ்காரிகள் இருவருக்குப் பின்னால். மிஸ் வாட்ச்சைப் பார்த்துவிட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினார். பிறகு கோவில்பட்டியில் எல்லோருக்கும் கடலைமிட்டாய் வாங்கித் தந்தார், தன் காசில்.

பி.டி. உஷா லாஸ் ஏஞ்சல்ஸில் ஓடியது அந்த நாட்களில்தான், 1984 ஆகஸ்டில். பெண்களுக்கு 400 மீட்டர் தடையோட்டம் ஒலிம்பிக்கில் வந்ததே அந்த வருஷம்தான். மொராக்கோவின் நவால் எல் முத்தவக்கில் தங்கம் வாங்கினார். உஷா நான்காவது. 55.42 வினாடி. வெண்கலம் 55.41. வானொலிச் செய்தியில் கேட்டுவிட்டு மைதானத்துக்கு ஓடினோம். நூறில் ஒரு பங்கு என்றால் எவ்வளவு மிஸ் என்று ஏரல்காரி கேட்டாள். மிஸ் கையிலிருந்த ஸ்டாப் வாட்ச்சைக் காட்டினார். முள் வைத்த பழைய வாட்ச். பத்தில் ஒரு பங்குக்குக் கீழே அதில் கோடே கிடையாது. “இதுல தெரியாது பிள்ளே. அவ்வளவு” என்றார். அன்று பயிற்சி நடக்கவில்லை. ஆனால் மறுநாள் மைதானத்தில் இதுவரை பார்க்காத பிள்ளைகள் நின்றார்கள். உஷா பாலக்காட்டில் ஒரு பெண்கள் கல்லூரியில் படித்தவர், மெர்சி கல்லூரி. பாலக்காடு ஒன்றும் அமெரிக்கா இல்லையே என்ற தைரியம்தான்.

முக்கூடல்காரி பிறகு போலீஸில் சேர்ந்தாள். தமிழ்நாட்டில் பெண் போலீஸ் 1973இல்தான் வந்தது. அவள் சேரும்போதும் ஊரில் அதை ஓர் அதிசயமாகப் பார்த்தார்கள். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்து, பின்னர் மாவட்டங்களுக்கும் பரவியபோது அப்படி ஒன்றில் இருந்தாள். சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றுவிட்டாள். ஏரல்காரி பி.எட். முடித்து டீச்சர் ஆனாள். வள்ளியூர்காரி கல்யாணமாகி மும்பை போனவள், இப்போது பேரனை நீச்சலுக்கு அழைத்துப்போகிறாள். நான் தபால் துறையில் உட்கார்ந்தே காலத்தை ஓட்டினேன். ஆளுக்கொரு திசை. பதக்கம் என்று காட்ட எங்களிடம் பெரிதாக ஒன்றுமில்லை.

மிஸ் ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை போய்ப் பார்த்தேன். புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சவுந்தரராஜன் 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கி, பாலினச் சோதனை என்று சொல்லி அந்தப் பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்ட சமயம். செங்கல் சூளைக் கூலி வீட்டுப் பிள்ளை. மிஸ் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “ஓடாதேன்னு சொன்னாங்க. ஓடினா நீ பொம்பளையாங்காங்க” என்றார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதற்கப்புறம் நடந்தவற்றை அவர் பார்த்திருந்தால் நோட்டில் எழுதியிருப்பார். டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்பு 4x400 ரிலே ஓடிய இந்திய நால்வரில் மூவர் தமிழ்நாட்டார்: மதுரை ரேவதி வீரமணி, திருச்சி சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ். ரேவதி ஆச்சியிடம் வளர்ந்தவர், வெறுங்காலில் ஓடத் தொடங்கியவர், லேடி டோக் கல்லூரி மாணவி. அன்று எங்களுக்கு முன்னால் ஓடிய கல்லூரி இன்றும் முன்னால்தான் ஓடுகிறது. எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு. 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ் 400 மீட்டர் தடையோட்டத்தின் முதல் சுற்றை 55.42இல் முடித்தார். அதே எண். உஷாவின் தேசிய சாதனையை 39 வருஷத்துக்குப் பிறகு ஒரு பெண் எட்டிப்பிடித்தாள். மறுநாள் இறுதியில் வெண்கலம். அன்று நான் முக்கூடல்காரிக்குப் போன் செய்தேன். எடுத்ததும் அவள் சொன்னது “இந்தா!”

இப்போது செயற்கை டிராக் இருக்கிறது, அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது, ஷூ ஆன்லைனில் வருகிறது. குறை வேறு இடத்தில். பல கல்லூரிகளில் மைதானத்தின் ஒரு மூலை சுயநிதிப் பிரிவின் கட்டடம் ஆகிவிட்டது. இன்னொரு மூலை வண்டி நிறுத்துமிடம். மிஞ்சியதையும் மாலையில் பூட்டிவிடுகிறார்கள், பாதுகாப்பு என்று சொல்லி. கல்லூரி பஸ் சரியாக நான்கு மணிக்குக் கிளம்புகிறது. அந்த பஸ்ஸை விட்டால் பிள்ளைக்கு வேறு வழியில்லை. எங்கள் ரயில் பிரச்சினை தீரவில்லை. மஞ்சள் பெயின்ட் அடித்துக்கொண்டு நிற்கிறது.

மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆய்வகத்தைக் காட்டுவார்கள், கணினி அறையைக் காட்டுவார்கள், பாருங்கள். பார்த்துவிட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். ஒரு டீ குடித்துவிட்டு மாலை ஐந்து மணிக்கு மைதானத்துப் பக்கம் போங்கள். பிள்ளைகள் ஓடுகிறார்களா, கூட ஒரு பி.டி. மிஸ் நிற்கிறாரா, ஓடி முடித்தவர்கள் வீட்டுக்குப் போக பஸ் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று அலுவலகத்தில் கேளுங்கள். ஃபீஸ் கட்டுகிறவர்கள் கேட்கலாம்.